சக்கரமில்லாத ரதமும் ஊர்சுற்றும் கன்சோலும்

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களில் ஒன்றுகூட ஓர் அடி நகர்ந்ததில்லை. திரௌபதி ரதத்தைப் பார்த்தால் கூரை வேய்ந்த குடிசையைக் கல்லில் வடித்ததுபோல இருக்கும். ரதம் என்பது பின்னால் வந்தவர்கள் சூட்டிய பெயர். நின்டெண்டோ ஸ்விட்சின் கதை இதற்குத் தலைகீழ். பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றலாம். ஆனால் 2016 அக்டோபரில் அறிவித்தபோது நிறுவனம் அதை வீட்டுக் கன்சோல் வரிசையில்தான் வைத்தது. 2017 மார்ச்சில் கடைக்கு வந்ததிலிருந்து, இது வீட்டுக் கன்சோலா, கையில் வைத்து ஆடும் ஹேண்ட்ஹெல்டா என்ற வழக்கு ஓய்ந்தபாடில்லை.

வீட்டுக் கட்சியின் பெரிய சாட்சி டாக். அதில் செருகி டிவியில் போட்டால் 1080பி வரை படம் வரும். கையில் வைத்து ஆடினால் 720பிதான். ஆனால் டாக்குக்குள் ஆட்டத்தை ஓட்டும் சிப் எதுவும் இல்லை. மின்சாரத்தை உள்ளே விட்டு, படத்தை ஹெச்டிஎம்ஐ வழியாக வெளியே அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. கையில் இருக்கும்போது பேட்டரியை மிச்சம் பிடிக்க சிப்பை மெதுவாக ஓட்டுகிறார்கள். டாக்கில் அந்தக் கவலை இல்லை, அவ்வளவே.

2012-இல் வந்த நின்டெண்டோவின் வீ யூ கன்சோலை இதோடு ஒப்பிட வேண்டும். அதற்கும் திரை வைத்த கன்ட்ரோலர் உண்டு. மூளை என்னவோ டிவிக்குக் கீழே இருந்த பெட்டியில். கன்ட்ரோலரோடு சற்றுத் தூரம் போனாலே படம் அறுந்துவிடும். வீட்டுக் கன்சோல் என்றால் அதுதான்.

2019-இல் வந்த ஸ்விட்ச் லைட்டை டிவியில் இணைக்கவே முடியாது. அதுவும் ஸ்விட்ச் என்றே விற்றது. டிவியில் மட்டும் ஓடும் ஸ்விட்ச் இதுவரை வந்ததில்லை. எனக்கு இதைவிட வலுவான ஆதாரம் வேண்டாம்: ஸ்விட்ச் டிவியோடும் பேசத் தெரிந்த ஹேண்ட்ஹெல்ட்.

குறை இல்லாமல் இல்லை. முதல் மாடலின் பேட்டரி இரண்டரை மணி நேரத்திலிருந்து ஆறரை மணி நேரம் வரை என்றார்கள். கனமான ஆட்டமென்றால் செங்கல்பட்டிலிருந்து லோக்கல் ரயிலில் சென்னை பீச் போய்ச் சேரலாம். திரும்பும் லோக்கலுக்கு பவர்பேங்க் வேண்டும்.

செங்கல்பட்டில் இருக்கும் என் அக்கா மகன் இதை ஒப்புக்கொள்ள மாட்டான். அவன் ஸ்விட்ச் டாக்கைவிட்டு இறங்குவதே அபூர்வம். போன மே மாதம் ஒரு மத்தியானம், பந்தயத்தின் கடைசிச் சுற்றில் கரண்ட் போனது. டிவி இருண்டது. 'ச்சே' என்றபடி ஸ்விட்சை உருவிக்கொண்டு வாசல்படிக்குப் போனான். விட்ட இடத்திலிருந்து கார் ஓடியது.