சிட்சை யாருக்கு?

விவிலியத்தின் நீதிமொழிகள் நூல் எமது ஊர்களில் பிரம்போடு சேர்த்தே அறியப்பட்டது. பிள்ளையை அடித்து வளர்க்கச் சொல்லும் வசனம், வேதத்தைத் திறந்தே பார்க்காதவர்களுக்கும் தெரியும். திருத்துபவர் பெரியவர், திருத்தப்படுபவர் சிறியவர் என்பதே அந்நூலின் போதனை என்று எமது சமூகம் எடுத்துக்கொண்டது. ஆறுதலாக இருந்து வாசித்தால் நூல் வேறொன்றைச் சொல்கிறது.

குழப்பத்தில் ஒரு பகுதி சொல்லிலேயே இருக்கிறது. எபிரேய மூலத்தில் 'மூசார்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. கற்பித்தல், எச்சரித்தல், கண்டித்தல், தண்டித்தல் எல்லாம் அதற்குள் அடங்கும். ஹென்றி பவரின் பெயரோடு அறியப்படும் 1871ஆம் ஆண்டுத் தமிழ் வேதாகமம் அதை ஓரிடத்தில் 'புத்திமதி' என்கிறது, இன்னோரிடத்தில் 'சிட்சை' என்கிறது. 'சிட்சை' வடமொழிச் 'சிக்ஷா'. இந்தியில் இன்றும் அதற்குக் கல்வி என்றே பொருள். தமிழில் தண்டனை என்ற பொருளே நிலைத்துவிட்டது.

அப்படியானால் இந்தச் சிட்சை யாருக்கு? 9ஆம் அதிகாரத்தில் கண்டனத்தைக் கேட்டுக் கண்டித்தவரை நேசிப்பவன் ஞானி, பகைப்பவன் பரியாசக்காரன். ஏற்கெனவே அறிவுள்ளவனிடம்தான் இந்தப் பணிவு எதிர்பார்க்கப்படுகிறது. பிரசங்கியின் 4ஆம் அதிகாரம் ஒரு படி மேலே போய், எச்சரிக்கை கேட்க மறந்துபோன கிழட்டு அரசனைவிட ஏழையான அறிவுள்ள இளைஞனை உயர்த்துகிறது. யோபு நூலின் முடிவிலோ, துன்பப்பட்டவனுக்குப் புத்தி சொல்ல வந்த நண்பர்களே கடவுளின் கோபத்துக்கு ஆளாகிறார்கள். திருத்த வந்தவர்களும் திருத்தத்துக்குத் தப்பவில்லை. இடித்துரைப்பவர் இல்லாத அரசன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்ற வள்ளுவரின் எண்ணமும் இதற்கு அயலானதல்ல.

இதற்கு யாழ்ப்பாணத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியார் வேதத்தைத் தமிழாக்கியபோது துணைக்கு வைத்துக்கொண்டவர் ஆறுமுக நாவலர். தமது பாடசாலையில் படித்தவர், ஏறத்தாழ இருபது வயது இளையவர், சைவர். அதிகாரம் பாதிரியாரிடமே இருந்தது என்பது உண்மை. ஆயினும் தமது வேதத்தின் தமிழை வேற்றுச் சமயத்து மாணவர் ஒருவரின் கையில் கொடுக்க அவர் தயங்கவில்லை. 1850இல் வெளிவந்த அந்த மொழிபெயர்ப்பும் நிலைக்கவில்லை. அதற்குப் பின் பவரின் பதிப்பு வந்தது.

நீதிமொழிகளின் 27ஆம் அதிகாரம் நண்பன் உண்டாக்கும் காயத்தைப் பகைவனின் முத்தத்துக்கு மேலாக வைக்கிறது. எமது அரசியலோ உள்ளிருந்து வந்த கண்டனத்தைக் காட்டிக்கொடுப்பாகவே பார்த்தது. 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர் நால்வருள் ஒருவரான ராஜினி திராணகம, யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இலங்கை, இந்தியப் படைகளை விமர்சித்ததோடு நிற்காமல் இயக்கங்களையும் கேள்வி கேட்டார். 1989 செப்டெம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1994 மே 1 அன்று பாரிசில் சபாலிங்கம் கொல்லப்பட்டார். கடல் கடந்து வந்த பின்னும் கண்டிப்பவருக்குப் பாதுகாப்பு இருக்கவில்லை.

நாம் வாழும் டெக்சாஸின் ஆலன் போன்ற ஊர்களில் திருத்தம் இப்போது கீழிருந்து வருகிறது. பிள்ளைகள் தாய் தகப்பனின் ஆங்கில உச்சரிப்பைத் திருத்துகிறார்கள். அதைச் சிரித்துக்கொண்டு ஏற்பார்கள். அதே பிள்ளை சாதியைப் பற்றியோ போராட்டத்தைப் பற்றியோ ஒரு கேள்வி கேட்டால் மட்டும் "நீ அங்கை இருந்தனியோ?" என்று பதில் வரும். கேட்டவர் சின்னவர் என்பதாலேயே கேள்வி சின்னதாகிவிடுகிறது.

பிரசங்கி சொன்ன கிழட்டு அரசனின் நிலை இதுதான். ஞான நூல்களை நாம் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினால் மட்டும் போதாது. அவர்கள் எமக்கு வாசித்துக் காட்டவும் இடம் விடவேண்டும்.