கரிக்குச்சியும் முகமும்

வில்லோ மரச் சுள்ளிகளைக் காற்றுப் புகாமல் சுட்டெடுக்கும் கரிக்குச்சி, பசை கலவாததால் தாளின் சொரசொரப்பில் தூளாகவே தங்கி, விரல் பட்டாலே கலைந்துவிடும். ஆசிரியரின்றிப் பயில்வோருக்கு இதைவிடப் பரிவான கருவி இல்லை. 1880இல் பெல்ஜியத்தின் சுரங்கப் பகுதியில் வாழ்ந்த வின்சென்ட் வான் கோ, ஓவியர் ஷார்ல் பார்க் உருவாக்கிய கரிக்கோட்டுப் பயிற்சியின் 60 தாள்களையும் படியெடுத்தே கையைப் பழக்கினார்.

முகம் வரைகையில் இமையையும் உதட்டையும் முதலில் தீட்டும் ஆவல் இயல்பே எனினும், கண்களைச் சுருக்கி நோக்கி, நெற்றியின் ஒளியையும் கண்குழி, மூக்கடி, தாடையடி ஆகியவற்றின் நிழலையும் பெரும்பரப்புகளாகப் பிரித்து வைப்பதே சாயலைக் கொண்டுவரும். பிசைந்து வடிவம் மாற்றக்கூடிய மென்மையான அழிப்பானைக் கூராக்கிக் கருவிழிமேல் ஒற்றியெடுத்தால், வெள்ளைத்தாள் வெளிப்பட்டு ஒளிப்புள்ளியாகிறது. இக்கலையின் மிக அழகிய நொடி இதுவே. படம் முடிந்ததும், தூளைத் தாளோடு பிணைக்கும் பிசின் கரைசலைத் தெளிக்கத் தவறலாகாது.