துன்பக் காலத்துத் துணைநூல்கள்

துப்பறியும் கதையையும் சரித்திரக் கதையையும் பற்றித் தமிழ்த் திறனாய்வாளர் பெரும்பாலோர் ஒரே தீர்ப்பை வழங்கியுள்ளனர். முன்னது வெறும் பொழுதுபோக்கு, பின்னது பழம்பெருமை மயக்கம், இரண்டும் வாசகனைத் தன் காலத்தினின்றும் பெயர்த்து எங்கோ கொண்டு செல்வன என்பது அத்தீர்ப்பு. நாவலைச் சமுதாய வரலாற்றோடு இயைத்துக் கற்றல் வேண்டும் என்ற கருத்துக்கு ஈழத்தில் வலுவூட்டிய நூல், பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ‘தமிழ் நாவல் இலக்கியம்’. அக்கருத்துச் சரியானதே. ஆயினும் அதனை இறுதிவரை பின்பற்றுவோர், நூலை எழுதியவன் எத்தகையோன் என்று ஆராய்வதோடு நின்றுவிடல் ஆகாது. படித்தவன் யார், எவ்விடத்தில், எத்தகைய இரவில் படித்தான் என்பதும் ஆராய்ச்சிக்குரியதே. அட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களை நினைவிற் கொண்டு இவ்வினாவை எழுப்பினால், வழக்கமான தீர்ப்புச் சற்று ஆட்டங்காணுகிறது.

லயக் காம்பிராவின் அளவு யாவரும் அறிந்தது. ஒரு குடும்பம் சமைப்பதும் உண்பதும் உறங்குவதும் அங்கேயே. விடியுமுன் பெரட்டுக்குச் செல்ல வேண்டியவர்களுக்கு வாசிப்பதற்கெனத் தனி இடமோ தனி நேரமோ இருந்ததில்லை. குப்பி விளக்கின் ஒளியில் எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, ஏனையோர் அடுப்பங்கரையிலிருந்து கேட்பதே பழைய வழக்கம். பெரிய எழுத்து நல்லதங்காள் கதையும் மதுரைவீரன் கதையும் அவ்வாறே படிக்கப்பட்டன. பிற்காலத்தில் வார இதழின் தொடர்கதையும் அவ்விடத்திலேயே வந்து அமர்ந்தது. எனவே தோட்டத்து வாசகன் என்று கூறும்போது, தனித்திருந்து படிக்கும் ஒருவனை எண்ணுவதினும் கேட்டிருக்கும் ஒரு குழுவை எண்ணுவதே பொருத்தம். அடுத்து என்ன நிகழும் என்ற ஆவலை வளர்க்கும் கதை இத்தகைய குழுவிற்கு மிக ஏற்றது. களைத்த உடலை அரை மணி நேரமாவது விழித்திருக்கச் செய்யும் ஆற்றல் அதற்கு உண்டு.

மலைநாட்டுத் தமிழிலக்கிய வரலாற்றின் தொடக்கத்திலேயே துப்பறியும் கதை ஒன்று நிற்பது பலருக்கு வியப்பளிக்கும். தோட்டத் தொழிலாளரை முதன்முதலாகத் தொழிற்சங்கமாக ஒன்றுதிரட்டியவரும், 1931இல் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு சங்கம் நிறுவியவருமான தேசபக்தன் கோ. நடேசையர் எழுதிய ‘மூலையிற் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்’ 1924இல் வெளிவந்தது. ஆங்கில நாவலாசிரியை பரோனஸ் ஓர்ட்ஸியின் புகழ்பெற்ற கதைத் தொகுதி ஒன்றைத் தலைப்பே நினைவூட்டுகிறது. ஓர்ட்ஸியின் முதியவர் இலண்டன் மாநகரத்துத் தேநீர்க் கடை ஒன்றின் மூலையில் அமர்ந்து, கையிலுள்ள கயிற்றுத் துண்டில் முடிச்சிட்டும் அவிழ்த்தும், காவற்றுறையினர் கைவிட்ட வழக்குகளின் உண்மையை ஊகத்தாலேயே வெளிப்படுத்துபவர். (தேநீர்க் கடையில் அமர்ந்தும் அவர் அருந்துவது பாலே.) சட்டசபையிலும் பத்திரிகையிலும் தோட்டத்துரைமாரோடு ஓயாது போரிட்ட ஒருவர் இத்தகைய கதையில் ஏன் கைவைத்தார்? பத்திரிகை விற்பனைக்காக என்று விடை கூறி அமைந்துவிடலாம். அவ்விடை முற்றிலும் பொய்யாகவும் இராது. ஆனால் நடேசையரின் வாழ்க்கையே வேறு விடையைத் தருகிறது. வெளியார் தோட்டத்துள் நுழைதல் குற்றமாகக் கருதப்பட்ட அக்காலத்தில், அவர் புடைவை வியாபாரியாக வேடமிட்டு உட்புகுந்து தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார் என்பது வரலாறு. மாறுவேடம் பூண்டு, மறைக்கப்பட்ட செய்தியைத் தேடி, கண்டதை அச்சில் வெளியிடுவது துப்பறிவோன் செயல் அன்றி வேறு யாது? ஆகவே துப்பறியும் திறம் அவருக்கு விளையாட்டுப் பொருளாக மட்டும் இருந்திருக்க முடியாது.

இக்கதைகள் தரும் ஆறுதலின் இயல்பு யாது என்பது அடுத்து எழும் வினா. மேலைநாட்டார் இதனை ஆழ்ந்து ஆராய்ந்துள்ளனர். 1940இலும் 1941இலும் இலண்டன் மீது குண்டுமாரி பொழிந்த இரவுகளில் மக்கள் துப்பறியும் நாவல்களை விரும்பிப் படித்தனர். நிலத்தடிப் புகையிரத நிலையங்களில் ஒதுங்கியோர்க்கு நூலக வசதியும் செய்யப்பட்டதுண்டு. கவிஞர் ஆடன் 1948இல் எழுதிய கட்டுரையில், அமைதி நிலவும் ஒரு சமுதாயத்தைக் கொலை குலைக்கிறது, குற்றவாளி கண்டுபிடிக்கப்பட்டதும் பழைய மாசற்ற நிலை மீளுகிறது, அந்த மீட்சியிலேயே வாசகன் இன்பம் காண்கிறான் என்னும் கருத்தை விளக்கினார். ஆங்கில நாட்டுப்புற மாளிகையையும் அதன் தோட்டத்தையும் உள்ளத்திற் கொண்டு நோக்கின் இவ்விளக்கம் மிகப் பொருந்தும். அம்மாளிகையின் சாயலில் மலைநாட்டிலும் கட்டடங்கள் உண்டு. அவை துரைமார் பங்களாக்கள். பங்களாவின் அமைதி மீண்டால் லயத்திலிருப்பவனுக்கு என்ன ஆறுதல்? அவன் மீளப் பெறுவதற்கு மாசற்ற பழைய நிலை எதுவும் இருந்ததில்லை.

அவ்வாறாயின் அவனுக்குரிய ஆறுதல் கதையின் முடிவில் இல்லை. நடுவில் நிகழும் விசாரணையில் உளது. கொழுந்து நிறுக்குமிடத்தில் தராசு காட்டிய நிறை ஒன்றும் செக்ரோலில் ஏறிய நிறை வேறொன்றுமாக இருந்தால் யாரிடம் முறையிடுவது? கணக்கப்பிள்ளை எழுதியதே கணக்கு. துரை கூறியதே தீர்ப்பு. துப்பறியும் கதையிலோ பெரிய மனிதரும் கேள்விக்கு உட்படுகின்றனர். நேற்றிரவு எங்கிருந்தீர் என்று சீமானைக் கேட்கலாம். வேலைக்காரி கண்டதும் சாட்சியாகும். சிந்திய மையும் கிழிந்த காகிதமும் பேசும். ஒரு துண்டுக் காகிதம் மனிதனின் விதியைத் தீர்மானிக்கும் என்பதை விளக்க இவ்வாசகனுக்கு எந்த ஆசிரியரும் வேண்டியதில்லை. கடன் கணக்குத் தீர்ந்ததெனப் பழைய தோட்டத்தார் தரும் ‘துண்டு’ இன்றி வேறு தோட்டத்தில் வேலை கிடையாது என்ற முறை 1921இல் தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. நடேசையரின் கதை வெளிவந்தது அதற்கு மூன்றாண்டுகளின் பின்.

தமிழகத்து நூலாசிரியருள் ஜே. ஆர். ரங்கராஜு 1908இல் ‘இராஜாம்பாள்’ நாவலில் துப்பறியும் கோவிந்தனைப் படைத்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் துறவிக் கோலத்திலேயே துப்பறிந்தார். தமிழ்வாணனின் சங்கர்லாலைப் பற்றி மட்டும் ஈண்டு ஒரு சொல். எத்தகைய சிக்கல் நேரினும் சங்கர்லால் முதலில் தேநீரே அருந்துவார். அதன்பின் அறிவு சுடர்விடும். அத்தேயிலையைக் கிள்ளியவர்கள் சாயத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே அக்கதையைக் கேட்டிருப்பர் என்பதை ஆசிரியர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். நடையழகிலோ பாத்திரப் படைப்பிலோ இந்நூல்களை உயர்ந்தவை எனல் இயலாது. உண்மையை அறியலாம், அறிந்ததை மெய்ப்பிக்கலாம் என்ற நம்பிக்கையை மட்டும் அவை தளரவிடவில்லை.

சரித்திர நாவல் தரும் ஆறுதல் வேறு வகையினது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இலங்கைப் பிரசை எனக் கொள்ளப்படுதற்குத் தந்தையோ, அன்றிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டில் பிறந்தமையை மெய்ப்பிக்குமாறு கேட்டது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தோரின் பேரர்களிடம் அத்தகைய பத்திரங்கள் எவ்வாறு இருக்கும்? மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். இரண்டாண்டு கழித்து, 1950 ஒக்டோபரில், கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கிற்று, 1954வரை தொடர்ந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் காரண காரியத் தொடர்பு இல்லை. ஆனால் பாட்டன் பெயரைக் கூற இயலாதவனென்று அரசினால் ஒதுக்கப்பட்டோர் கையில், ஆயிரமாண்டு முன்னோரைப் பெயர் சொல்லி அழைக்கும் நூல் வந்து சேர்ந்தது என்பதை எந்தத் திறனாய்வும் புறக்கணித்தல் ஆகாது.

அந்நாவலை மலைநாட்டு வாசகனின் கண்கொண்டு படிப்பின், அரண்மனைக் காட்சிகள் சற்றுப் பின்னடைகின்றன. வேறு சில முன்வருகின்றன. கதைத் தலைவனைப் போல வலம்வரும் வந்தியத்தேவன் அரசிழந்த குலத்தான், சொந்த நிலமற்றவன், ஓலையொன்றைச் சுமந்து ஊர் ஊராகச் செல்பவன், பனை இலச்சினை மோதிரம் கையிலிருந்தால் வழி திறக்கும், இன்றேல் சிறை. கோடிக்கரையிலிருந்து பூங்குழலி படகு செலுத்தி அவனை ஈழத்திற்குக் கொண்டுவரும் பகுதியைச் சோழநாட்டு வாசகன் வீரச் செயலாகப் படிப்பான். அதே கடலை வேறு வகையில் கடந்தோரின் வழித்தோன்றல்கள் அதனைக் குடும்பக் கதையாகவே படித்திருப்பர். எல்லாவற்றிலும் மேலாக நிற்பவள் ஊமைராணி மந்தாகினி. வாய்பேச இயலாதவள், சைகையாலும் சுவரிலெழுதிய சித்திரத்தாலும் தன் கதையைக் கூறுபவள், இளவரசனைக் காத்தவள், உரிமையொன்றும் பெறாதவள். நந்தினியின் அழகையும் குந்தவையின் மதிநுட்பத்தையும் புகழ்ந்து எழுதப்பட்ட கட்டுரைகள் எண்ணில. மந்தாகினியை மையமாக வைத்து அந்நாவலை மதிப்பிட்டோர் மிகச் சிலரே. ஈழத்துத் திறனாய்வு செய்திருக்க வேண்டிய பணி இது.

எனினும் இவ்வாறுதலில் கலந்துள்ள பொய்யையும் மறைத்தல் கூடாது. கல்கியின் அருள்மொழிவர்மர், புத்த பிக்குகள் இலங்கை மணிமுடியை நீட்டியபோது மறுத்துவிடுகிறார். வரலாற்று இராசராசன் மறுக்கவில்லை. அவன் படை அநுராதபுரத்தை அழித்தது. பொலன்னறுவை சனநாதமங்கலம் ஆயிற்று. அவன் மகன் காலத்தில் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழநாட்டிலேயே இறந்தான். மலைநாட்டுத் தமிழன் எந்தப் பெருமையை எண்ணி மகிழ்கிறானோ அதனையே அயற்கிராமத்துச் சிங்களவன் தன் புண்ணாக எண்ணுகிறான். அன்றியும், சோழர் மாட்சியில் ஏர்பிடித்தோன் பங்கு என்ன என்ற கேள்விக்கு இவ்வகை நாவல்கள் விடை கூறுவதில்லை. பஞ்சத்தாலும் கடனாலும் ஊரைவிட்டு வந்தோரின் முன்னோர் அரியணை அருகில் நின்றிருக்க மாட்டார்கள்.

இதற்கு மாற்றாக உண்மை வாழ்வைக் காட்டும் நூல்கள் இல்லாமற் போகவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை, கோகிலம் சுப்பையா, தெளிவத்தை ஜோசப், என். எஸ். எம். ராமையா ஆகியோரின் எழுத்து மலைநாட்டுக்கு நிலைத்த செல்வம். ஆனால் 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தபோது, பசித்திருப்பவனிடம் பசியைப் பற்றிய நாவலை நீட்டி, இதனைப் படி, உனக்கு உணர்வு பிறக்கும் என்பது எவ்வளவு பொருந்தும்? அவன் உணர்வு பெறுவதற்கு நாவல் தேவைப்படவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் தமிழக ஏடுகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதனால் வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களை மலிவு விலையில் வெளியிட முன்வந்தமை நன்மையே. தொடர்கதையின் அடுத்த பகுதி வாராமற்போன லயங்களில் உண்டான வெறுமையை மட்டும் எந்த இலக்கிய வரலாறும் குறிக்கவில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் காகிதமின்றிப் பத்திரிகைகள் சுருங்கியபோதும், மின்வெட்டினால் மீண்டும் விளக்கேற்ற நேர்ந்தபோதும், மலைநாட்டு வாசகனுக்கு நேர்ந்த இழப்பு இவ்வகையினதே.

துப்பறியும் கதையும் சரித்திரக் கதையும் ஒன்றையொன்று தொடும் இடம் ‘பொன்னியின் செல்வ’னிலேயே உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? உடையார்குடிக் கல்வெட்டு, சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் எனக் குறித்து அவர்தம் உடைமைகளைப் பற்றிப் பேசுகிறது. கொலை நிகழ்ந்த வகையைக் கூறவில்லை. கல்கியும் கடம்பூர் மாளிகையில் விளக்கை அணைத்துவிடுகிறார். பழி, அந்நியனாக வந்த வந்தியத்தேவன் மீது விழுகிறது. பெரிய பழுவேட்டரையர் தாமே கொன்றதாகக் கூறுகிறார். அக்கூற்றை முழுதும் நம்புவதற்கில்லை. ஐந்து பாகம் முடிந்த பின்னும் ஐயம் தீர்வதில்லை. இதனைக் கட்டுக்கோப்பின் குறை எனக் கூறுவாருளர். நூலின் கடைசி ஏடு வரை வழக்கை மூடாது வைத்திருக்கும் அந்த முடிவையே, உரக்கப் படிக்கக் கேட்டிருந்தவர்கள் மறுநாட் காலைப் பெரட்டுக்குச் செல்லும் வழியெல்லாம் தமக்குள் வழக்காடிச் சென்றிருப்பர்.