மூன்று நான்கானபோது
பல்கலைக் கழக மாற்றங்கள் பற்றி ஒரு திறனாய்வு

ஒரு பல்கலைக் கழகம் தன் மூன்றாண்டுப் பட்டப்படிப்பை நான்காண்டாக மாற்றப் போகிறது என்ற செய்தி வந்தால், நாம் முதலில் எதைப் பார்க்கிறோம்? புதிய பாடத்திட்டத்தைப் பார்க்கிறோம். எந்தப் பாடம் சேர்ந்தது, எது நீங்கியது, பட்டத்தின் பெயர் என்ன, வெளிநாட்டில் அதற்கு மதிப்பு உண்டா என்று விசாரிக்கிறோம். செய்தித்தாள்களில் நடக்கும் வாதங்களும் பெரும்பாலும் இவற்றைச் சுற்றியே அமைகின்றன. பழைய முறையிலிருந்து புதிய முறைக்குக் கடந்து செல்லும் நாலைந்து ஆண்டுகளில் வகுப்பறையில் என்ன நடக்கும் என்று கேட்பவர் மிகக் குறைவு. ஆனால் ஒரு திட்டம் நிலைப்பதும் சரிவதும் அந்த ஆண்டுகளில்தான்.

இயற்பியல் மாணவர்களுக்கு இது புதிய செய்தியன்று. கம்பிச்சுருள் உள்ள ஒரு மின்சுற்றில் சாவியை மூடியவுடன் மின்னோட்டம் தன் முழு அளவை எட்டிவிடுவதில்லை; சிறிது சிறிதாகவே உயர்கிறது. அது உயர்ந்து நிலைபெறுமுன் அளவெடுத்தால் தவறான விடை கிடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தைச் சட்டென்று துண்டித்தால் சாவியின் முனைகளில் தீப்பொறி பறக்கும். சுற்றின் படம் எவ்வளவு அழகாக வரையப்பட்டிருந்தாலும் இந்த விதிக்கு விலக்கில்லை.

கல்வி அமைப்புக்கும் இத்தகைய நிலைபெறும் காலம் ஒன்று உண்டு. ஓர் அணி மாணவர்கள் நுழைந்து பட்டம் பெற்று வெளியேறும் காலமே அது. இதை உணர்ந்து செய்த மாற்றம் எப்படி இருக்கும், உணராமல் செய்த மாற்றம் எப்படி இருக்கும் என்பதற்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு சான்றுகள் நமக்குக் கிடைத்துள்ளன. ஒன்று 2012-இல் ஹாங்காங்கில் நிகழ்ந்தது. மற்றொன்று 2013-இல் தில்லிப் பல்கலைக் கழகத்தில் நிகழ்ந்தது. இரண்டிலும் மூன்று நான்காயிற்று. முடிவுகளோ முற்றிலும் வேறு.

ஹாங்காங்கின் ஏழாண்டு ஏற்பாடு

ஹாங்காங்கில் நெடுங்காலம் பிரிட்டிஷ் முறையே வழங்கியது. தொடக்கப் பள்ளியில் ஆறாண்டு, உயர்நிலையில் ஐந்தாண்டு, அதன் பின் பல்கலைக் கழகத்துக்கு முந்திய வகுப்பு இரண்டாண்டு, பட்டப்படிப்பு மூன்றாண்டு. ஆக மொத்தம் 16 ஆண்டுகள். புதிய திட்டத்தில் தொடக்கப் பள்ளி ஆறு, உயர்நிலை ஆறு, பட்டப்படிப்பு நான்கு என்றாயின. கூட்டிப் பாருங்கள், இதுவும் 16 தான். மாணவரின் வாழ்நாளில் ஓராண்டு கூடவில்லை. பள்ளியிலிருந்த ஓராண்டு பல்கலைக் கழகத்துக்கு இடம் மாறியது, அவ்வளவே.

நம் பெரியவர்களுக்கு இதன் மறுபக்கம் நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பள்ளி இறுதி வகுப்பு பதினோராண்டு, கல்லூரியில் புகுமுக வகுப்பு ஓராண்டு, பட்டம் மூன்றாண்டு என்றிருந்தது. 1978-இல் மேல்நிலை வகுப்புகள் தொடங்கியபோது பத்து, இரண்டு, மூன்று என்றாயிற்று. மொத்தம் அதே 15 ஆண்டுகள்தாம். கல்லூரியிலிருந்த ஓராண்டு பள்ளிக்கு வந்தது. ஹாங்காங்கில் அது எதிர்த்திசையில் சென்றது.

ஹாங்காங் அரசு 2004-இல் கருத்துக் கேட்பைத் தொடங்கியபோது, பள்ளிகளில் புதிய முறையை 2008-இல் தொடங்கலாம் என்று முன்மொழிந்தது. கருத்துகளைக் கேட்ட பிறகு 2005-இல் வெளியிட்ட திட்டத்தில் அதை 2009-க்குத் தள்ளி வைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் நான்காம் படிவத்தில் சேர்ந்தவர்களே புதிய முறையின் முதல் அணியினர். அவர்கள் 2012-இல் பல்கலைக் கழகத்தின் வாயிலுக்கு வந்தனர். அதே ஆண்டில் பழைய முறையின் கடைசி அணியும் வாயிலுக்கு வந்தது. இரண்டு அணிகளும் ஒரே நாளில் முதலாண்டு மாணவர்கள்!

ஓர் எளிய கணக்கு

அரசு நிதி பெறும் எட்டுப் பல்கலைக் கழக நிறுவனங்களிலும் சேர்த்து ஓர் அணிக்கு ஏறத்தாழ 15 ஆயிரம் இடங்கள். அவ்வாண்டு இரண்டு அணிகளுக்கும் இடம் தர வேண்டியிருந்தது. நீங்களே தாளில் எழுதிப் பாருங்கள்.

2011-இல் மூன்றாண்டுப் படிப்பில் மூன்று அணிகள் இருந்தன. 2012-இல் அந்த மூன்றோடு நான்காண்டுப் படிப்பின் முதலாண்டு சேர்ந்து நான்கு அணிகளாயின. 2013-இல் மூன்றாண்டுப் படிப்பில் இரண்டும் நான்காண்டுப் படிப்பில் இரண்டும் இருந்தன. 2014-இல் ஒன்றும் மூன்றும். 2015-இல் நான்காண்டுப் படிப்பின் நான்கு அணிகள் மட்டும். ஆக, 2012 முதல் எந்த ஆண்டிலும் நான்கு அணிகளே. மொத்த மாணவர் தொகை ஒரே தாவலில் மூன்றில் ஒரு பங்கு கூடி, அங்கேயே நின்றுவிட்டது.

ஆனால் ஆய்வுக்கூடப் பொறுப்பாளரின் கவலை வேறு. 2012-இல் முதலாண்டு மாணவர் இரு மடங்கு. 2013-இல் இரண்டாமாண்டு மாணவர் இரு மடங்கு. 2014-இல் மூன்றாமாண்டு இரு மடங்கு. இந்தப் பெருக்கம் ஓர் அலையைப் போல் வகுப்பு வகுப்பாக நகர்ந்து சென்றது. அவர்கள் வெளியேறிய முறையைக் கவனியுங்கள். பழைய அணி 2015-இலும் புதிய அணி 2016-இலும் படிப்பை முடித்தன. ஒன்றாக நுழைந்தவர்கள் ஒன்றாக வெளியேறவில்லை. ஆகவே வேலை தேடுவோர் கூட்டம் ஒரே ஆண்டில் இரட்டிக்கவில்லை.

இந்த அலை வரும் என்பது ஏழாண்டுகளுக்கு முன்பே தெரியும். எனவே அதற்கேற்ற வேலைகளும் நடந்தன. ஹாங்காங் பல்கலைக் கழகம் தன் நூற்றாண்டு வளாகத்தை 2012-இல் திறந்தது. ஹாங்காங் சீனப் பல்கலைக் கழகம் 2006, 2007 ஆண்டுகளிலேயே ஐந்து புதிய கல்லூரிகளை நிறுவத் தொடங்கியது. எல்லா மாணவர்க்கும் பொதுவான அடிப்படைப் பாடங்களை ஹாங்காங் பல்கலைக் கழகம் 2010-இலேயே, பழைய மூன்றாண்டு மாணவர்களைக் கொண்டு சோதித்துப் பார்த்தது. பழைய மேல்நிலைத் தேர்வை 2012-இல் திடீரென மூடிவிடவுமில்லை. தனித்தேர்வர்களுக்காக 2013-இலும் ஒருமுறை நடத்தினர். பழைய ஏணியின் கடைசிப் படியில் கால் தவறியவர்க்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது.

தில்லியில் நடந்தது

இனி தில்லிக்கு வருவோம். அங்கே நான்காண்டுப் படிப்புக்கு 2012 டிசம்பர் இறுதியில் பல்கலைக் கழக அவைகள் ஒப்புதல் தந்தன. 2013 ஜூலையில் மாணவர்கள் வகுப்பில் உட்கார்ந்துவிட்டனர். இடையில் கிடைத்த காலம் ஏழு மாதத்துக்கும் குறைவு. இந்த அவகாசத்தில் எல்லாத் துறைகளும் பாடத்திட்டம் எழுத வேண்டும். நூல்கள் தேட வேண்டும். இயற்பியல் மாணவருக்கும் வரலாற்று மாணவருக்கும் ஒன்றுபோல் கட்டாயமாக்கப்பட்ட 11 அடித்தளப் பாடங்களைக் கற்பிக்க ஆசிரியர்களை அமர்த்த வேண்டும்.

ஹாங்காங்கில் பள்ளியிலிருந்து ஓராண்டு குறைந்தது. தில்லியில் அப்படிக் குறையவில்லை. பன்னிரண்டாண்டுப் பள்ளிப் படிப்பு அப்படியே இருக்க, பட்டத்தில் ஓராண்டு கூடியது. மூன்றாண்டிலேயே பட்டத்துடன் வெளியேறலாம் என்ற வழி இருந்தது உண்மை. ஆனால் சிறப்புப் பட்டம் வேண்டுமானால் நான்காண்டு படித்தாக வேண்டும். முன்பு அதை மூன்றாண்டில் பெற்றார்கள். வெளியூரிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கிப் படிக்கும் மாணவருக்கு அந்த ஓராண்டின் விலை என்ன என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. ஹாங்காங்கில் சுமை முதல் நாளே தலையில் ஏறியது. ஆகவே முன்னேற்பாடு தவிர்க்க முடியாததாயிற்று. தில்லியில் முதல் மூன்றாண்டுகளுக்கு மாணவர் தொகை கூடாது. நான்காவது அணியின் சுமை 2016-இல்தான் வரும். கண்ணுக்குத் தெரியாத சுமைக்கு யாரும் தூண் எழுப்புவதில்லை. விரைவாகத் தொடங்கலாம் என்ற துணிவு இதனாலேயே எளிதில் வந்திருக்கும் என்று தோன்றுகிறது.

2014 ஜூனில் பல்கலைக் கழக மானியக் குழு, மூன்றாண்டு முறைக்கே திரும்புமாறு உத்தரவிட்டது. மாணவர் சேர்க்கை தொடங்க வேண்டிய நாட்களில் பல்கலைக் கழகமும் மானியக் குழுவும் மோதிக்கொண்டன. மாத இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது. நாம் முன்பு சொன்ன தீப்பொறி இதுதான். அதன் சூடு யார் மேல் பட்டது? 2013-இல் சேர்ந்த 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் மேல். முதலாண்டில் அடித்தளப் பாடங்களில் பெரும்பகுதி நேரத்தைச் செலவிட்டிருந்த அவர்கள், விடுபட்ட முதன்மைப் பாடங்களை எஞ்சிய இரண்டாண்டுகளில் படித்து முடிக்க வேண்டியதாயிற்று. பி.டெக். என்ற பெயரில் சேர்ந்திருந்தவர்களுக்கு மட்டும் நான்காண்டு தொடர்ந்தது.

கதை அங்கே முடியவில்லை. 2015-இல் விருப்பப்பாடத் தெரிவு முறை வந்தது. அவ்வாண்டு தில்லிக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் துறையை எண்ணிப் பாருங்கள். மூன்றாமாண்டில் இருப்பவர்கள் நான்காண்டுக்கெனச் சேர்ந்து மூன்றாண்டுக்கு மாற்றப்பட்டவர்கள். இரண்டாமாண்டில் இருப்பவர்கள் 2014-இல் மீண்டும் வந்த மூன்றாண்டு முறையினர். முதலாண்டில் இருப்பவர்கள் புதிய தெரிவு முறையினர். மூன்று வகுப்புகளுக்கு மூன்று அமைப்புகள். அதற்குச் சற்று முன்புதான், 2010-இல் சில அறிவியல் பாடங்களிலும் 2011-இல் மற்றப் பாடங்களிலும், ஆண்டுத் தேர்வு மாறிப் பருவமுறை வந்திருந்தது.

இவற்றில் எது நல்ல முறை, எது தீய முறை என்று யாராவது இப்போது அளந்து சொல்ல முடியுமா? முடியாது. ஒரு மாற்றத்தின் விளைவை அறிய, குறைந்தது ஓர் அணியாவது அதில் நுழைந்து வெளியேற வேண்டும். சோதனை முடியுமுன் கருவியை மாற்றிக்கொண்டே போனால் பதிவேட்டில் எண்கள் நிறையும்; முடிவு எதுவும் கிடைக்காது.

மறுதரப்பும் குறைகளும்

காலம் கொடுத்தால் எந்தச் சீர்திருத்தமும் குழுக்களிலேயே மடிந்துபோகும், துணிந்து தொடங்கினால்தான் நடக்கும் என்று வாதிடுவோர் உண்டு. இதில் சிறிது உண்மை இருக்கிறது. ஆனால் ஹாங்காங்கில் ஓராண்டு ஒத்திவைத்தும் திட்டம் மடியவில்லை. தள்ளிவைத்த நாளை வெளிப்படையாக அறிவித்துவிட்டதால், எல்லாரும் அந்த நாளை நோக்கி வேலை செய்தார்கள். விரைந்து தொடங்கிய தில்லித் திட்டமோ ஓராண்டில் முடிந்தது.

இதனால் ஹாங்காங் முறை குறையற்றது என்று எண்ணிவிட வேண்டாம். கட்டடங்களையும் கால அட்டவணையையும் அவ்வளவு கருத்தாகத் திட்டமிட்டவர்கள், அறிவியல் பாடங்களின் இடத்தைச் சுருக்கிவிட்டார்கள். புதிய மேல்நிலை வகுப்பில் சீனம், ஆங்கிலம், கணிதம், பொதுவியல் என்று நான்கு கட்டாயப் பாடங்கள் அமைந்தன. எஞ்சியது இரண்டு அல்லது மூன்று விருப்பப் பாடங்களுக்கான இடமே. கட்டாயக் கணிதத்தில் நுண்கணிதம் இல்லை. அது விரும்புவோர் மட்டும் படிக்கும் கூடுதல் பகுதியில் வைக்கப்பட்டது. எனவே வகையீடும் தொகையீடும் அறியாத ஒருவர் பல்கலைக் கழகத்துக்கு வந்துவிட முடியும். நியூட்டனின் இரண்டாம் விதியை முழுமையாக எழுதவே வகையீடு தேவைப்படும் நம் பாடத்தில் இதன் பொருள் என்ன? கூடுதலாகக் கிடைத்த அந்த ஓராண்டின் ஒரு பகுதி, பள்ளியில் விடுபட்டதை நிரப்பவே போய்விடும். பொதுவியலும் நிலைக்கவில்லை, 2021-இல் அதன் இடத்தில் வேறு பாடம் வந்தது. மாறும் காலத்தை நன்கு நிர்வகிப்பது ஒன்று, மாற்றத்தின் உள்ளடக்கத்தைச் சரியாகத் தேர்வது மற்றொன்று என்பதை இதிலிருந்து அறியலாம்.

மீண்டும் நான்கு

2020-இல் வெளியான தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, தில்லிப் பல்கலைக் கழகம் 2022-இல் மீண்டும் நான்காண்டுப் படிப்பைத் தொடங்கியது. இம்முறை மூன்றாண்டிலேயே சிறப்புப் பட்டம் பெற்று வெளியேறலாம். அதற்கு முன் சேர்ந்தவர்கள் தம் பழைய பாடத்திட்டத்திலேயே படித்து முடித்தார்கள். 2013-ஐ விட இது மேம்பட்ட ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பழைய சிக்கலின் வேர் அறுபடவில்லை. முதல் அணியின் நான்காம் ஆண்டு 2025-இல்தான் வந்தது. எத்தனை பேர் தங்குவார்கள், எத்தனை பேர் போவார்கள் என்பது மூன்றாம் ஆண்டின் இறுதியில்தான் தெரியும். நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுத வரும் இயற்பியல் மாணவருக்கு வழிகாட்ட ஓர் ஆசிரியர் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரு மேசை வேண்டும். இளைய வகுப்புகள் கேட்டு நிற்காத ஒரு நிறமாலைமானி வேண்டும். இவை விண்ணப்பம் வந்த பிறகு தேடிப் பெறும் பொருள்களல்ல.

ஆகவே, வாசகர்களே, உங்கள் பல்கலைக் கழகம் புதிய அமைப்பை அறிவிக்கும் நாளில், பாடத்திட்டத்தைப் புரட்டுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் எந்த வகுப்பில் எத்தனை அணிகள் இருக்கும் என்ற கணக்கு வெளியிடப்பட்டுள்ளதா? பழைய முறையில் சேர்ந்தவரும், அதில் தவறியவரும், அதே முறையில் முடிக்க எத்தனை ஆண்டு வாய்ப்பு உண்டு? ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் மாணவருக்கு முன் வருமா, பின் வருமா? முதல் அணி வெளியேறும்வரை அமைப்பை மீண்டும் மாற்றுவதில்லை என்ற உறுதி உண்டா?

இவற்றைக் கேட்பது மாற்றத்தை எதிர்ப்பதாகாது. விண்ணப்பத்தில் கையெழுத்திடும் மாணவர் தம் வாழ்வின் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளை அந்த அமைப்பிடம் ஒப்படைக்கிறார். அவற்றை இரண்டாம் முறை அவரால் கொடுக்க இயலாது. இந்த நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் விடை தர முடியாத பல்கலைக் கழகம், தன் மாற்றத்தை ஓராண்டு தள்ளி வைப்பதே முறை.