சுமை ஏற்றிப் பழக்குதல்

புது ஜெனரேட்டரைச் சும்மா ஓடவிட்டால் பழகாது. பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரில் நன்றாகப் படிய எரிப்பின் அழுத்தம் வேண்டும். அதற்குச் சுமை ஏறி இறங்க வேண்டும். அந்த வேலையை ஹோம் அசிஸ்டென்ட் என்ற வீட்டுத் தானியங்கி மென்பொருளிடம் ஒப்படைப்பது அருமையான யோசனை. ஸ்மார்ட் பிளக்கில் முதலில் 500 வாட் விளக்கு, கொஞ்ச நேரம் கழித்து 1,000 வாட் ஹீட்டர், பிறகு இரண்டும் சேர்ந்து.

எனக்கு மிகவும் பிடித்தது ஹீட்டரின் சுமை ஏறும் அந்த நொடி. எஞ்சின் குரல் சட்டென்று கம்முகிறது. திரையில் 50 ஹெர்ட்ஸ் கோடு சற்றே சரிகிறது. கவர்னர் த்ராட்டிலைத் திறந்ததும் இரண்டும் நிமிர்கின்றன. என்ன அழகான பதில்!

ஓடிய நேரத்தையும் ஹோம் அசிஸ்டென்டே கணக்கு வைக்கும். பல சிறிய எஞ்சின்களின் கையேடுகள் சொல்லும் 20 மணி நேரம் ஆனதும், ஆயிலை மாற்றச் சொல்லி போனுக்குச் செய்தி வரும். வடித்த முதல் ஆயிலை வெயிலில் பாருங்கள், பொடிப்பொடியாக உலோகம் மினுங்கும்.