கதையை விடுங்கள், நிறத்தைப் பாருங்கள்

1957இல் வந்த 'ஃபன்னி ஃபேஸ்' படத்தைக் கதைக்காகப் பார்க்க உட்கார்ந்தால் சீக்கிரமே அலுத்துவிடும். நியூயார்க் புத்தகக் கடையில் தத்துவமும் தானுமாக இருக்கும் ஜோ, ஃபேஷன் பத்திரிகைக்காரர்கள் கண்ணில் படுகிறாள். மாடலாகிப் பாரிஸ் போகிறாள். புகைப்படக்காரர் டிக் ஏவரியைக் காதலிக்கிறாள். அவ்வளவுதான். ஜோவாக நடிக்கும் ஆட்ரி ஹெப்பர்னுக்கு, ஏவரியாக நடிக்கும் ஃபிரெட் அஸ்டேர் 30 வயது மூத்தவர் என்பது உறுத்தும். ஜோ மதிக்கும் தத்துவத்தைப் படம் கிண்டலடித்தே தீர்த்துவிடுவது அதைவிட உறுத்தும். உறுத்தட்டும். இதைப் புகைப்படக்காரர் கண்ணோடு பார்க்க வேண்டும்.

அந்தக் கண் ரிச்சர்ட் அவெடானுடையது. ஏவரி பாத்திரமே அவரை வைத்து உருவானதுதான். இயக்குநர் ஸ்டான்லி டோனன் அவரையே காட்சி ஆலோசகராகவும் சேர்த்துக்கொண்டார். பாரிஸில் ஹெப்பர்ன் அணியும் உடைகள் ஜிவான்ஷி தைத்தவை.

முதலில் நிறத்தைக் கவனியுங்கள். பத்திரிகை ஆசிரியை மேகி இனி எல்லாமே இளஞ்சிவப்பு என்று பாடி ஆணையிடுகிறாள்; திரையே இளஞ்சிவப்பாகிறது, அவள் மட்டும் அதை உடுத்த மாட்டாள். (மேகியாக வரும் கே தாம்ப்சனுக்காகவே இந்தக் காட்சியை எத்தனை முறையும் பார்க்கலாம்.) அங்கிருந்து புத்தகக் கடைக்குப் போனால் பழுப்பும் சாம்பலும்தான். பளிச்சென்ற துணி தொங்கும் தொப்பியை ஜோ தலையில் வைத்துக்கொள்ளும்போதுதான் அங்கே நிறம் நுழைகிறது. அப்போது அவள் பாடும் பாட்டு ஹெப்பர்னின் சொந்தக் குரல். 1964இல் 'மை ஃபேர் லேடி'யில் பெரும்பாலும் மார்னி நிக்ஸனின் குரலைக் கேட்டவர்கள் இங்கே அந்த மெல்லிய, லேசாக நடுங்கும் குரலைத் தவறவிடக் கூடாது.

பாரிஸ் விடுதியில் ஜோ ஆடும் நடனத்தில் அவள் காலைப் பாருங்கள். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, வெள்ளைக் காலுறை. வெள்ளை வேண்டவே வேண்டாம் என்று ஹெப்பர்ன் மறுத்திருக்கிறார். இருட்டுப் பின்னணியில் பாதமே தெரியாது, ஆட்டம் செத்துவிடும் என்று டோனன் விடவில்லை. படத்தைப் பார்த்த பிறகு, நீங்கள் சொன்னதே சரி என்று ஹெப்பர்ன் எழுதி அனுப்பினார். பாலே பயின்ற கால்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதை அந்த வெள்ளைதான் காட்டிக்கொடுக்கிறது.

படத்தின் உச்சம் பாரிஸ் வீதிகளில் எடுக்கப்படும் ஃபேஷன் படங்கள். ஏவரி கேமராவை அழுத்தியதும் திரை உறைந்துவிடும்; சில படங்கள் நெகட்டிவாக மாறி, வண்ணம் வண்ணமாகப் பிரிந்து சேரும். தொடக்கத்தில் இப்படி நில், அப்படித் திரும்பு என்று ஏவரிதான் சொல்கிறார். லூவ்ர் அருங்காட்சியகப் படிக்கட்டில், சிறகு விரித்த வெற்றித் தேவதைச் சிலைக்குப் பின்னாலிருந்து சிவப்பு உடையில் ஜோ இறங்கி வரும்போது கட்டளை கைமாறிவிடுகிறது. படமெடு என்று சொல்வது அவள், அவர்தான் தடுமாறுகிறார். காதல் வசனங்களெல்லாம் சொல்லாததை அந்தப் படிக்கட்டு சொல்லிவிடுகிறது.

கெர்ஷ்வின் சகோதரர்களின் பாடல்கள் பல, இதே பெயரில் 1927இல் வந்த மேடை நாடகத்திலிருந்து வந்தவை. அதில் ஆடியவரும் அஸ்டேர்தான். பாட்டுக்காகவும் பார்க்கலாம், தப்பில்லை.

செல்போனில் மட்டும் பார்க்காதீர்கள். படச்சுருளைக் கிடைமட்டமாக ஓட்டிப் பெரிய நெகட்டிவில் பதியும் விஸ்டாவிஷன் முறையில் எடுத்த படம் இது. கிடைக்கிற பெரிய திரையில், நல்ல பிரதியாகத் தேடி, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.