நிர்பீக்: எடை குறைந்தது, விலை குறையவில்லை

2014 ஜனவரியில் கான்பூரில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரை அறிமுகம் செய்தது. பெண்களுக்காகவே செய்த முதல் இந்தியத் துப்பாக்கி என்று விளம்பரம். 2012 டிசம்பர் டெல்லிக் கொடுமைக்குப் பிறகு வந்தது. அந்தப் பெண்ணுக்கு ஊடகங்கள் வைத்த 'நிர்பயா', இந்த 'நிர்பீக்' இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: அச்சமற்ற. நகைப்பெட்டி மாதிரி ஒரு மெரூன் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள்.

மறைத்து எடுத்துப்போகிற துப்பாக்கிக்கு மூன்று விஷயம் வேணும். லேசா இருக்கணும், வாங்க முடியணும், அவசரத்துக்குக் கைக்கு வரணும். நிர்பீக்கை இந்த மூன்றிலும் உரசிப் பார்த்தேன்.

எடை

டைட்டானியம் கலப்பு உலோகம், சுமார் 500 கிராம், .32 காலிபர், ஆறு குண்டு. துப்பாக்கி லேசாக லேசாகக் கையில் உதைப்பது கூடும். பள்ளிக்கூடத்தில் படித்த உந்த அழிவின்மை விதிதான். .32 குண்டு ஏறத்தாழ 6.4 கிராம், வேகம் நொடிக்கு 215 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெடிமருந்துப் புகையின் பங்கை விட்டுவிட்டால், 500 கிராம் துப்பாக்கி பின்னால் உதைக்கும் ஆற்றல் சுமார் 1.9 ஜூல். அதுவே 750 கிராம் என்றால் சுமார் 1.3 ஜூல்தான்.

இது பயப்படுகிற அளவு இல்லை. அமெரிக்காவில் கைப்பைத் துப்பாக்கியாக நன்றாக விற்கிற ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 இன்னும் லேசு, சுமார் 400 கிராம். ஆனால் அது .38 காலிபர், உதை மூன்று மடங்குக்கு மேல். இங்கே .38 சாமானியருக்குத் தடை செய்யப்பட்ட காலிபர். ஆக, சட்டம் விட்ட இடத்துக்குள் கான்பூர்க்காரர்கள் செய்த பொறியியல் தேறிவிட்டது. ஒரு குண்டு வெடிக்காமல் போனாலும் மறுபடி விசையை அழுத்தினால் அடுத்தது வரும். ரிவால்வருக்கே உள்ள நல்ல குணம் அது.

விலை

அறிமுக விலை ரூ.1,22,360. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குக் கூலி ஒரு நாளைக்கு ரூ.167. நூறு நாளும் முழுசா வேலை கிடைத்து, ஒரு பைசா செலவு பண்ணாமல் வைத்தாலும் ஏழு வருஷத்துக் கூலி! 1980களின் நடுவிலிருந்து சாமானியர் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்ய முடியாது. போட்டி இல்லாத சந்தையில் விலை ஏன் இறங்கும்? பிறகு இஷாப்பூர் தொழிற்சாலை 'நிடர்' என்று .22 காலிபரில் 250 கிராமுக்கு ஒன்று கொண்டுவந்தது. விலை சுமார் 35,000 என்றார்கள். விலையும் எடையும் இறங்கின, குண்டின் பலமும் கூடவே இறங்கியது.

கைக்கு வருமா?

என் முக்கியமான புகார் இங்கேதான். பூட்டிய ஜிப்புக்குள், சாவிக்கும் டிபன் பாக்ஸுக்கும் அடியில் கிடக்கிற துப்பாக்கியை எடுக்க எத்தனை நொடி? புடவை கட்டியவர் உறையை எங்கே மாட்டுவார்? வடிவமைத்தவர்கள் எடையைக் குறைத்தார்கள், பெட்டியை அழகாக்கினார்கள். பயன்படுத்துகிறவரின் உடையையும் பையையும் யோசித்த மாதிரி தெரியவில்லை. மென்பொருளில் இதைத் தினமும் பார்க்கிறோம்: பழைய நிரலுக்குப் புது முகப்பு.

இதற்கும் முன்னால் உரிமம். 1959 ஆயுதச் சட்டப்படி 21 வயது ஆகியிருக்கணும், காவல்துறை அறிக்கை வரணும். எங்க வேதாரண்யத்துக்காரர் என்றால் நாகப்பட்டினம் ஆட்சியர் அலுவலகத்துக்கு அலையணும். கிடைத்தாலும் வாங்கக்கூடிய குண்டுக்கு அளவு உண்டு. பழகாத கைக்கு எந்தத் துப்பாக்கியும் லேசு இல்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் பாலியல் வன்முறை வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்த ஆள்தான். பெரும்பாலான ஆண்டுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல். உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வேலை கொடுத்தவர். கைப்பைத் துப்பாக்கியோ இருட்டில் வரும் முகம் தெரியாதவனை மனசில் வைத்துச் செய்தது.

ஒரு பழைய பட்டியல்

வேதாரண்யம் என்றால் எல்லாருக்கும் உப்புதான் ஞாபகம் வரும். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் கிளம்பிய ராஜாஜியின் அணி இங்கே வந்து ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளியது. அதே ஆண்டு ஜனவரியில் இர்வினுக்காகக் காந்தி வைத்த பதினொரு கோரிக்கைகளில் உப்பு வரி ஒழிப்பு ஒன்று. தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம், மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு, என்பது இன்னொன்று. பலர் இதைக் கவனிப்பதில்லை. அகிம்சைக்காரர் ஏன் அதைக் கேட்டார்? 1878 ஆயுதச் சட்டம் யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று பிரித்தது. அந்தப் பிரிவினைதான் அவரை உறுத்தியது என்று நான் படிக்கிறேன்.

நிர்பீக் அந்தப் பிரிவினையைப் பணத்தால் திரும்பக் கொண்டுவருகிறது. ஒன்றேகால் லட்சம் உள்ளவருக்குத் தற்காப்பு. அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் விடியுமுன் வேலைக்கு நடக்கிற பெண்ணுக்கு வெறும் பெயர். துப்பாக்கியாக நிர்பீக் பரவாயில்லை. பெண்கள் பாதுகாப்புக்கு அரசு சொன்ன பதில் என்று பார்த்தால், பாதுகாப்பை நீயே காசு கொடுத்து வாங்கிக்கொள் என்பதைத்தான் அந்த மெரூன் பெட்டி சொல்கிறது. அந்தப் பெண்ணுக்கு நூறு வாட் தெருவிளக்கு நாலு போட்டால் அதைவிட உபயோகம். விளக்குக்கு உரிமம் வேண்டாம், குறிபார்க்கவும் வேண்டாம்.